அக்கரையில் கை நனைத்த கதை

எங்கள் ஒழுங்கையில் லண்டன் போய் வந்த டொக்டர் பெண்சாதி ஒருத்தி இருக்கிறாள். வந்து ஒரு மாரி போய்விட்டது, அந்தக் கதை இன்னும் முடியவில்லை. நான் போனது மூதூருக்கு. திருகோணமலையில் மேடான இடத்தில் ஏறி நின்று பார்த்தால் மங்கலாகத் தெரிகிற கரைதான். ஆனால் நடுவில் கடல் கிடக்கிறது. கடல் தாண்டிப் போனால் அது வெளிநாடுதான். இதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். எழுத்துப் பிழைகளை என் மகள் வசந்தி திருத்தியிருக்கிறாள். கதையையும் கொஞ்சம் திருத்த வந்தாள், கையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஏன் திருத்த வந்தாள் என்பது போகப் போகத் தெரியும்.

போன காரியம் அவளுடைய கலியாணம். மூதூருக்கு அங்கால் கட்டைபறிச்சானில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகக் காசிம் நானா சொல்லியனுப்பினார். நானா மூதூர்க்காரர். டொக்யாட் என்கிற கப்பல் துறையில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்து, அவரோடேயே பென்சன் எடுத்தவர். பையன் பெயர் தவராசா, பள்ளிக்கூட வாத்தியார், வயல் இருக்கிறது, எருமை இருக்கிறது என்றார். எருமையோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் இருக்கிற ஒரு பெண்ணைக் கடலுக்கு அங்கால் விட்டுவிட்டு, அவளைப் பார்க்க நினைத்த நேரமெல்லாம் லாஞ்சுப் படகுக்குக் காத்து நிற்க எனக்கு ஏலாது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. பையனின் தாயோ மகனை அனுப்பமாட்டாளாம், மருமகள்தான் அங்கே வரவேண்டுமாம். அப்படியென்றால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நானா மனம் நோகக்கூடாது என்பதற்காகப் போவது, பார்ப்பது, வெற்றிலை போடுவது, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்புவது. இதுதான் என் திட்டம்.

இந்த மாதிரிக் காரியத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். சோற்றில் கை நனைக்கக்கூடாது. நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு வேண்டாம் என்று சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரரை நம்பி அப்படி ஓர் இடத்துக்குப் போவது லேசான காரியம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யாட் ஸ்டோரில் சேர்ந்து, அவன் போன பிறகும் இருந்து, ஸ்டோர் கீப்பராகப் பென்சன் எடுத்தவர் அவர். வேலைதான் அவரை விட்டது. டொக்யாட் சங்கு விடவில்லை. மத்தியானச் சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் எழும்புவார், கை கழுவுவார், கதிரையை இழுத்துச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருப்பார். ஒருநாள் பார்பர் கடையிலிருந்து பாதி மீசையோடு ஓடி வந்தார். மற்றப் பாதியைச் சாப்பிட்ட பிறகு போய் எடுத்துக்கொண்டார்.

பென்சன் எடுத்த கையோடு என் குசினிக்கும் அவர்தான் கீப்பர். டின்களுக்கெல்லாம் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டினார். மாரி ஈரத்துக்குப் பசை விட்டுச் சீட்டுகள் விழுந்தன. திரும்ப ஒட்டினார், மாறி ஒட்டினார். எனக்குச் சீட்டு வாசிக்கத் தேவையில்லை, மணத்தால் எடுப்பேன். அவர்தான் எழுதியிருந்ததை நம்பித் தேத்தண்ணிக்குள் உப்பை அள்ளிப் போட்டார். குடித்தும் முடித்தார். "உப்பு உடம்புக்கு நல்லது, மணி" என்றார். ஸ்டோரில் பிழை வந்ததாக அவர் வாயால் சொல்லமாட்டார்.

அக்கரையில் டொக்யாட் சங்கு கேளாது. அந்த ஒரு தைரியத்தில்தான் வெளிக்கிட்டேன்.

முதல் நாள் லாஞ்சில் ஏறும்போதே தொடங்கிவிட்டார். ஆட்கள் தங்கள் தங்கள் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். இவருக்கு அது பொறுக்கவில்லை. "இப்பிடி வைச்சா வள்ளம் ஒரு பக்கம் சரியும்" என்று சொல்லி, எல்லாருடைய சாமானையும் வாங்கி, பெரியது கீழே, சின்னது மேலே என்று பின்பக்கத்தில் அடுக்கினார். என்னுடைய பனையோலைப் பெட்டியும் அதில் போனது. அது நிறையப் பயற்றம் பணியாரம். சீனிக்குக் கூப்பன் இருந்த காலம். வீட்டில் ஒரு மாதம் வெறும் தேத்தண்ணி குடித்து மிச்சம் பிடித்த சீனி அது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப் போகிற வீடானாலும் வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது.

எதிரில் நேவிப் பெடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

"என்னவாம்?" என்று இவரைக் கேட்டேன்.

"இவ்வளவு ஒழுங்கான மனுசனைக் கண்டதில்லையாம். மரியாதை தெரிஞ்ச பெடியள்."

எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்திருக்கிறார். சந்தையில் எத்தனை வருசமாகச் சிங்களத்தியிடம் மரக்கறி வாங்குகிறேன். அவன் சொன்னது இதுதான்: "இந்தக் கிழவரைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தால் லாஞ்சு இதற்குள் பாதி வழி போயிருக்கும்."

கடலுக்குள் வந்ததும் சுவாமி மலையும் கோணேசர் கோயிலும் தெரிந்தன. லாஞ்சு ஆட்டத்திலும் எழும்பி நின்று கும்பிட்டேன். இவரையும் எழுப்பினேன்.

"இஞ்சாருங்கோ, கோணேசரைப் பாத்துச் சொல்லுங்கோ. அந்த வீட்டிலை கை நனைக்கமாட்டன் எண்டு."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி இதிலையே இறங்குங்கோ."

"ஓம், ஓம். நனைக்கமாட்டன்" என்றார். சொல்லும்போது கோயிலைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

மூதூரில் இறங்கும்போது ஆட்களுக்கு அவரவர் சாமானை எடுத்துக் கொடுக்கிற வேலையையும் அவரே பார்த்தார். காசிம் நானா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கருவாடு மணத்தது. கரைப்பக்கம் என்றால் மணக்கத்தானே செய்யும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

நானா வாசலில் நின்றார். "வாங்க கீப்பரே! வாங்க தங்கச்சி! கடல் எப்புடி, தூக்கிப் போட்டிச்சா?"

"கடல் ஒண்டும் செய்யேல்லை, நானா. எல்லாம் உங்கட சிநேகிதர்தான்."

நானாவின் பெண்சாதி ஆமினா ராத்தா பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு நெல்லு மில் இருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து அது மத்தியானச் சங்கு ஊதியது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, ராத்தாவின் கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வாளைக் கருவாடு. வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

லாஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த, சல்லி என்ற ஊர்ச் சல்லிக்காரியின் பெட்டி அது. அவள் கருவாடு விற்க வந்தவள். என் பணியாரம் அவளோடு போய்விட்டது.

"என்ன தங்கச்சி, மாப்புள பாக்கப் போறண்டு கருவாடா கொண்டு வாற?" என்று நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து, கதிரையை விட்டு அசையாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு முடிய டொக்யாட் கதை தொடங்கியது. எந்தத் துரை எந்தக் கிட்டங்கியில் வழுக்கி விழுந்தான் என்று இருவரும் பேசி முடிக்க வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு. இடியப்பமும் பாரை மீன் ஆணமும். மீன் ஆணத்தில் ராத்தாவை வெல்ல ஆளில்லை. என்னைத் தவிர.

"சல்லிக்காரியின்ர பெட்டியை உங்களுக்கு எப்பிடித் தெரியாமல் போச்சு?" என்று படுக்கப் போகும்போது கேட்டேன்.

"ரெண்டும் ஒரே சைஸ்."

"மணம்?"

"ஸ்டோரிலை நாங்கள் சாமானை மணந்து பாத்துக் குடுக்கிறதில்லை, மணி."

மறுநாள் காலை, வெறுங்கையோடு போகக்கூடாது என்று ராத்தா ஒரு மண் முட்டி நிறைய எருமைத் தயிரைக் கட்டித் தந்தாள். கவிழ்த்தால்கூட விழாத தயிர் என்றாள். மாட்டு வண்டி ஏறினோம். முட்டியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். இவர் விடவில்லை. "உடையிற சாமானை எப்பிடிக் கொண்டு போறதெண்டு எனக்குத்தான் தெரியும்" என்று மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கட்டைபறிச்சான் வரைக்கும் நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளை வீட்டுப் படலைக்கு முன்னால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ராத்தா பொய் சொல்லவில்லை, தயிர் சிந்தவில்லை. முட்டிதான் இரண்டாகப் பிளந்தது. தயிர் அப்படியே ஒரு கட்டியாக இவர் மடியில் இருந்தது. எழும்பினார், அது வேட்டி நெடுக வழுக்கி இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் படலையடியில் கைகூப்பி நின்றார்கள். இவரும் கைகூப்பினார். அவர்களுடைய வளர்ப்பு நாய் மட்டும் இவருடைய காலடிக்கு வந்து வேலையைத் தொடங்கியது.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையின் சாரம் ஒன்றைக் கட்டக் கொடுத்தார்கள். வேட்டியை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாப்பிள்ளையின் சாரத்தையே கட்டின கதை எங்கேயாவது உண்டா? வெளியே நிமிர்ந்து உட்கார்ந்தேன், உள்ளுக்குள் நல்லாக ஒடுங்கிப் போயிருந்தேன்.

மாப்பிள்ளையின் தாய் செல்லம்மா என் வயதுதான் இருப்பாள். கழுத்தும் கதையும் என்னைப்போலவே நிமிர்ந்தவை. தேத்தண்ணி தந்தாள்.

"உங்கட பக்கம் தண்ணி உப்பாமே?" என்றாள்.

"எங்கட கிணத்திலை இல்லை. இஞ்சை நுளம்பு கூடவாமே?"

"வயல் இருக்கிற இடத்திலை நுளம்பும் இருக்கும். வயல் இல்லாத இடத்திலை என்ன இருக்கும்?"

"டொக்யாட் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், சாரத்தை இழுத்து விட்டபடி. அவரைப் பேச வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன்.

தவராசா வந்தான். ஒல்லியான, கறுத்த, பதறாத பெடியன். வணக்கம் சொல்லிவிட்டு, "உங்கட வீட்டு முற்றத்து மாமரம் இந்த முறையும் நல்லாக் காய்ச்சதோ, அம்மா?" என்று கேட்டான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

எங்கள் முற்றத்து மாமரம் இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்க வாய் எடுத்தேன். அந்த நேரம் தூரத்தில், வயலுக்கு அங்கால், மூதூர் மில்லின் சங்கு கேட்டது. நுளம்பு காதடியில் பாடுகிற அளவுதான் சத்தம்.

என் வீட்டுக்காரர் எழும்பினார்.

"இஞ்சாருங்கோ!" என்றேன். காதில் விழுந்தால்தானே? நேரே முற்றத்துக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கை கழுவினார். திரும்பி வந்து, சாப்பாட்டு மேசையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வீட்டில் இருக்கிற மாதிரியே கோப்பையை ஒரு தட்டுத் தட்டினார்.

செல்லம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நிமிசத்தில் சோறு வந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி வந்தது. இவர் பிசைந்து முதல் பிடியை வாயில் வைத்தார்.

"சம்பந்தி கை நனைச்சிட்டார்!" என்று செல்லம்மா குசினிப் பக்கம் குரல் கொடுத்தாள். "பிள்ளையள், அப்பளத்தைப் பொரியுங்கோ!"

என் ஒரே பெண்ணின் வாழ்க்கையைக் கத்தரிக்காயோடு பிசைந்து முழுங்குகிறார் மனுசன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பெண்ணின் தாய் கை நனைக்காத சம்பந்தம் அரைச் சம்பந்தம். தலைச்சுற்று என்று சொல்லி எழும்பினாலும் தப்பலாம். அப்படி ஒரு சாட்டுத் தேடிக்கொண்டு பின்வாசல் பக்கம் போனேன்.

கிணற்றடியில் தவராசா நின்றான். என் வீட்டுக்காரரின் வேட்டியைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தான். தயிர் பிடித்த இடத்தை மட்டும் பிடித்து, இரண்டு கையாலும் கசக்கி, அலசி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து, போகவில்லை என்று திரும்பக் கசக்கினான். ஆட்களுக்குக் காட்டச் செய்கிற வேலை அப்படி இருக்காது. கலியாணம் கட்டின நாளிலிருந்து அந்த மனுசனின் வேட்டியைத் துவைக்கிறவள் நான். ஒரு ஆம்பிளை, மறைவில் நின்று, இன்னொருவரின் வேட்டியைத் துவைத்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

செல்லம்மா பின்னால் வந்தாள். வெட்கப்பட்டாள். "தங்கச்சி துவைப்பாள், விடடா எண்டன். கேக்கிறானில்லை."

"விடுங்கோ. துவைக்கட்டும்" என்றேன்.

உள்ளே வந்து செம்பை எடுத்தேன். வலது கையை நீட்டினேன். தண்ணீரை ஊற்றவில்லை.

"ஒண்டு கேக்கவேணும்" என்றேன். "மாப்பிள்ளை எங்கட வீட்டிலை வந்து இருப்பாரோ?"

இவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"வயலை ஆர் பாக்கிறது?" என்றாள் செல்லம்மா.

கிணற்றடியிலிருந்து பதில் வந்தது. "கிழமைக்குக் கிழமை வருவன், அம்மா. லாஞ்சு ஓடுதுதானே."

"லாஞ்சுக்கு நீ நிப்பியோ?"

"நிப்பன்."

நிற்பான் என்றுதான் எனக்கும் பட்டது. செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுக்கும் இருக்கிறது ஒரே மகன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செம்பு கையில் கனத்தது.

"விதைப்புக்கும் வெட்டுக்கும் ரெண்டு பேரும் இஞ்சை வந்து நிக்கவேணும்" என்றாள், என்னைப் பாராமல். "பேரப்பிள்ளை வந்தால் எங்கட எருமைத் தயிர்தான் தின்னவேணும்."

"முட்டியை மட்டும் உங்கட சம்பந்தியிட்டைக் குடுத்துவிடாதேங்கோ" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் தண்ணீரை ஊற்றினேன். கத்தரிக்காய்ப் பால்கறி மோசமில்லை. உப்பு ஒரு நுள்ளுக் குறைவு. முதல் நாளிலேயே சொல்ல வேண்டாம் என்று விட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பும்போது அதே லாஞ்சு. அதே சல்லிக்காரி. என்னைக் கண்டதும் வெறும் பெட்டியோடு ஓடி வந்தாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. பெட்டியைத் திறந்தா பணியாரம். நான் எங்கை உங்களைத் தேடுறது? நிண்ட வீட்டிலை பிள்ளையள் முடிச்சுப்போட்டுதுகள்."

"அதுக்கென்ன. உன்ர கருவாட்டையும் நாங்கள் பொரிச்சுத் திண்டிட்டம். பணியாரம் எப்பிடி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்தது. சீனிதான் கொஞ்சம் காணாது."

ஒரு மாதம் வெறும் தேத்தண்ணி குடித்தவளிடம் சொல்கிற பேச்சா இது? அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், சுத்தமாக வெளுத்த வேட்டியோடு, அந்தக் கடல் முழுவதையும் விலைக்கு வாங்கினவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சங்கு ஊதினா என்னாலை என்ன செய்ய ஏலும், மணி? பழகின உடம்பு."

அப்போதுதான் எனக்கு ராத்தாவின் கோழிகள் ஞாபகம் வந்தன. முதல் நாள் அதே மில், அதே மத்தியானச் சங்கு, வீட்டுக்குப் பின்னாலேயே ஊதியது. அலுமாரிக் கண்ணாடியே அதிர்ந்தது. இவர் கதிரையை விட்டு அசையவில்லை. வெயில் சாயும்வரை பசியில்லாமல் கதை பேசினார். தூரத்து வயலுக்கு அங்கால் நுளம்பு மாதிரிக் கேட்டபோது மட்டும் பழகின உடம்பு எழும்பிவிட்டதோ?

"முந்தநாள் நானா வீட்டிலை ஊதினது உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்டைக்குக் காது அடைச்சிருந்தது. லாஞ்சு எஞ்சின் சத்தம்."

கோயில் தெரிந்தபோது எழும்பிக் கும்பிட்டேன். அவர் எழும்பவில்லை. நேரே முகம் கொடுக்க முடியாமல் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

ஜெற்றியில் வசந்தி நின்றாள். வந்து நில் என்று யாரும் சொல்லவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கவில்லை. எப்படிப் போனீர்கள் என்று கேட்கவில்லை. லாஞ்சு கட்டுகிறதற்கு முன்னமே தகப்பனைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, கை நனைச்சீங்களோ?"

கேட்ட பிறகுதான் என்னைக் கண்டாள். முகம் செக்கச் சிவந்தது. தவராசா போன வருசம் வாத்திமார் பயிற்சிக்கு எங்கள் ஓர்ஸ் ஹில்லில் வந்து நின்றான் என்பதும், எங்கள் ஒழுங்கையால்தான் போய் வந்தான் என்பதும், எங்கள் மாமரத்தை அவன் அண்ணாந்து பார்த்த நேரமெல்லாம் அதன் கீழே வசந்தி நின்றாள் என்பதும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தகப்பன், மகள், காசிம் நானா, மூன்று பேரும் ஒரு கட்சி. கட்சியில் இல்லாதவள் நான் ஒருத்திதான். ஆனால் மாப்பிள்ளையை இக்கரைக்குக் கொண்டு வந்தது யார்? அதைக் கேட்டால் மூன்று பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

மறுநாள் சமையலை நேரத்தோடு முடித்தேன். ராத்தா சொல்லித் தந்த மாதிரிப் பாரை மீன், என் கைப்பக்குவத்தில். மூடி வைத்துவிட்டு வாசற்கதிரையில் வந்து இருந்தேன். டொக்யாட் சங்கு ஊதியது. ஓர்ஸ் ஹில் முழுவதும் கேட்டது.

உள்ளே அவர் எழும்பினது கேட்டது. கை கழுவினது கேட்டது. கதிரை இழுபட்டது கேட்டது. பிறகு கோப்பையில் ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.

"மணி! சங்கெல்லோ ஊதிட்டுது!"

நான் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தேன்.

"எனக்குக் காது அடைச்சிருக்கு" என்றேன். "லாஞ்சு எஞ்சின் சத்தம்."